அத்தியாயம் 4: பதில் மூவையும் சொல்! (செஸ் மன்றத்துக்கான புதிர்களும் ஆட்டங்களும்)

பள்ளியில் செஸ் மன்றம் தொடங்குவது எளிது. பத்து போர்டு வாங்கி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை ஒதுக்கி, "விளையாடுங்கள்" என்று சொன்னால் முதல் வாரம் அறை நிரம்பிவிடும். நான்காவது வாரத்தில்தான் சிக்கல் தெரியும். வீட்டில் அண்ணனோடோ அப்பாவோடோ ஆடிப் பழகிய நாலைந்து பேர் எல்லாரையும் ஜெயித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் பத்து மூவுக்குள் ராணியைப் பறிகொடுத்துவிட்டு, வெட்டுப்பட்ட காய்களை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டம் தானாக வளரும் என்ற நம்பிக்கை பெரும்பாலான பிள்ளைகளிடம் பலிப்பதில்லை. அவர்கள் அதே தவறை இன்னும் வேகமாகச் செய்யப் பழகிக்கொள்கிறார்கள்.

அதனால்தான் மன்ற நேரத்தில் பாதியைப் புதிருக்குக் கொடுங்கள் என்கிறேன். புதிரில் காய்கள் குறைவு, நோக்கம் தெளிவு. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே போர்டைப் பார்த்து யோசிக்கலாம். முப்பது பேருக்கு ஒரு டெமோ போர்டு போதும். அதுவும் இல்லையென்றால் கரும்பலகையில் கட்டம் வரைந்து, காய்களைச் சார்ட் தாளில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாப் புதிருக்கும் பொதுவான ஒரு விதியை முதல் நாளே வைத்துவிடுங்கள். விடை சொல்லும் பிள்ளை தன் மூவோடு நிறுத்தக் கூடாது. அதற்கு எதிராளி ஆடக்கூடிய மிக நல்ல பதில் மூவையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், விடை சரியாகவே இருந்தாலும் ஏற்காதீர்கள். "யானை இ8, மேட் சார்!" என்று ஒருவன் கத்தினால், "சரிப்பா, ராஜா எங்கே போகும்? யாராவது யானையை வெட்ட முடியுமா? நடுவில் ஏதாவது காயை வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளும் பிள்ளையின் வாயில் தானாக வரும்வரை விடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லாமே இந்தப் பழக்கத்தை ஊன்றுவதற்காகத்தான்.

கட்டங்களைப் பிள்ளைகள் உச்சரிக்கும்படியே எழுதியிருக்கிறேன். வெள்ளை ஆடுபவரின் இடது கைப்பக்கம் ஏ வரிசை. அங்கிருந்து பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை.

வாசலில் ஒரு புதிர்

பிள்ளைகள் அறைக்குள் நுழையும்போதே போர்டில் ஒரு நிலை தயாராக இருக்கட்டும். முதல் மாதத்துக்கு ஒரே மூவில் முடியும் மேட் போதும். ஆனால் தனியாக ஒன்றை வைக்காமல் இரண்டு நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

முதல் நிலை: வெள்ளை ராஜா ஜி1, யானை இ1. கறுப்பு ராஜா ஜி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. யானை இ8க்குப் போனால் மேட். கறுப்பு ராஜாவின் வழியை அவருடைய சொந்தச் சிப்பாய்களே அடைத்து நிற்கின்றன.

இரண்டாம் நிலையில் எல்லாம் அப்படியே, எச்7இல் இருந்த சிப்பாய் மட்டும் எச்6இல். இப்போது அதே மூவை ஆடினால் ராஜா எச்7க்கு நழுவிவிடுவார். "எது மேட், எது இல்லை, ஏன்?" என்று கேளுங்கள். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்ததால் ஆட்டமே மாறிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, அடுத்த ஆட்டத்தில் தன் ராஜாவுக்குத் தானே ஒரு ஜன்னல் திறந்துவைக்கும்.

அடுத்த வாரம் முதல் நிலைக்கே திரும்புங்கள். கறுப்புக்கு ஏ8இல் ஒரு யானையைக் கூட்டுங்கள், வெள்ளைக்கு இ2இல் இன்னொரு யானை. இப்போது இ8 காவலில் இருக்கிறது. இ2 யானை இ8க்குப் போய் செக் கொடுத்தால் ஏ8 யானை அதை வெட்டும். பின்னால் இ1இல் காத்திருந்த யானை போய் வெட்டினால் மேட். புதிய நிலைகளைத் தேடி அலையாமல், தெரிந்த நிலையில் ஒரு காயை மாற்றி மாற்றி மூன்று வாரம் ஓட்டலாம். தெரிந்த முகம் என்பதால் பலவீனமான பிள்ளைகளும் தைரியமாகக் கை தூக்குவார்கள்.

புளியங்கொட்டைப் புதிர்

ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஸ்டேல்மேட்டில் கோட்டைவிடுவது பள்ளிப் போட்டிகளில் தினமும் நடக்கிறது. ராணியும் ராஜாவும் கையில் இருக்க, எதிரில் தனி ராஜா மட்டும் நிற்க, ஆட்டம் டிரா. அழுதுகொண்டே வெளியே வரும் பிள்ளைக்கு அப்போது என்ன சொன்னாலும் ஏறாது. முன்பே செய்ய வேண்டியது இது.

கறுப்பு ராஜா எச்8. வெள்ளை ராஜா எஃப்7. வெள்ளை ராணி கையில் இருக்கிறது, இன்னும் போர்டில் வைக்கவில்லை. ராணியை எந்தெந்தக் கட்டத்தில் வைத்தால் மேட்? அந்தக் கட்டங்களில் புளியங்கொட்டை வையுங்கள். எங்கே வைத்தால் ஸ்டேல்மேட்? அங்கே சோழி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து செய்யட்டும்.

மேட் ஆகும் கட்டங்கள் எட்டு: எச்1 முதல் எச்6 வரை ஆறு, பிறகு ஜி7, ஜி8. ஸ்டேல்மேட் ஆகும் கட்டங்கள் ஆறு: பி1, சி2, டி3, இ4, எஃப்5, ஜி6. அவை ஆறும் எச்7ஐ நோக்கும் ஒரே மூலைவிட்டக் கோட்டில் இருக்கின்றன என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சோழி வரிசை தானே காட்டிக்கொடுக்கும். எச்7இல் கொட்டை வைக்கும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அங்கே ராணிக்குக் காவல் இல்லை, ராஜா வெட்டிவிடுவார் என்பதைப் பக்கத்துப் பிள்ளை சொல்லட்டும்.

ராணியைக் கொடுக்கும் துணிவு

ஒரு மூவ் மேட் பழகியபின் இரண்டு மூவ் மேட். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய புதிர்தான். 1497இல் ஸ்பெயினில் லுசேனா அச்சிட்ட நூலிலேயே இந்த மேட் இருக்கிறது.

வெள்ளை: ராஜா எச்1, ராணி பி3, குதிரை எச்6. கறுப்பு: ராஜா எச்8, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ஆடி இரண்டு மூவில் மேட்.

பிள்ளைகள் முதலில் குதிரையை எஃப்7க்கு அனுப்பி செக் கொடுப்பார்கள். யானைக்கும் ராஜாவுக்கும் சேர்த்து அடி விழுவதால் அது அழகாகத் தெரியும். பதில் மூவைக் கேளுங்கள்: ராஜா ஜி8க்கு வருவார், மேட் இல்லை. சிலர் ராணியை ஜி8இல் வைக்கலாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "ஆனா ராணி போயிடுமே" என்று தாங்களே பின்வாங்குவார்கள். அந்தப் பிள்ளையை அங்கேயே நிறுத்துங்கள். "போகட்டும். யார் வெட்டுவார்?" ராஜா வெட்ட முடியாது, குதிரை ஜி8க்குக் காவலாக நிற்கிறது. யானை மட்டும்தான் வெட்ட முடியும், வெட்டியே ஆக வேண்டும். வெட்டியபின் போர்டைப் பாருங்கள்: ராஜாவைச் சுற்றி ஜி8இல் அவருடைய யானை, ஜி7இலும் எச்7இலும் அவருடைய சிப்பாய்கள். குதிரை எஃப்7, மேட்.

இதற்கு இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும். காயின் மதிப்பை 9, 5, 3 என்று எண்ணாகப் படித்த பிள்ளைகளுக்கு, நிலை அந்த எண்ணை மீறும் என்பது இங்கேதான் முதல்முறை உறைக்கும். புதிர் முடிந்ததும் உடனே ஆட விடுங்கள். அன்றைக்கு நாலைந்து பேர் தேவையே இல்லாமல் ராணியைக் கொடுத்துத் தோற்பார்கள். திட்ட வேண்டாம், பதில் மூவ் என்ன என்று மட்டும் கேளுங்கள்.

அச்சில் வந்த விடையை மாற்றிய பாதிரியார்

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு ஒரு புதிர். போர்டில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஆட வேண்டும்.

இதை இரண்டு வாரத்துக்குப் பிரித்து நடத்துங்கள். முதல் வாரம் இப்படிக் காட்டுங்கள்: சிப்பாய் சி7, யானை டி6 செக். ராஜா பி5, யானை டி5 செக். ராஜா பி4, யானை டி4 செக். ராஜா பி3, யானை டி3 செக். ராஜா சி2. இனி செக் இல்லை, யானையையும் ராஜா தாக்குகிறார். சிப்பாய் ராணியாகப் போகிறது, கறுப்பு தோற்றுவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். அப்போது கறுப்பின் யானையை டி4இல் வையுங்கள். வெள்ளை சி8இல் ராணி எடுத்தால் யானை சி4க்கு வந்து செக் கொடுக்கும். ராணி அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. ஸ்டேல்மேட். "ஆக, டிரா. 1895இல் கிளாஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்றின் செஸ் பகுதியில் இதை டிரா என்றுதான் போட்டார்கள்" என்று சொல்லி, வகுப்பை முடித்துவிடுங்கள்.

அந்தப் பகுதியை எழுதிவந்தவர் பார்பியே. அவர் தந்த விடையைப் படித்த பெர்னாண்டோ சாவேத்ரா என்ற பாதிரியார், அப்போது கிளாஸ்கோவில் இருந்தவர், வெள்ளை ஜெயிக்க வழி இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார். சி8இல் ராணிக்குப் பதில் யானை எடுக்க வேண்டும். இப்போது யானை சி4க்கு வந்தால் வெள்ளை யானை அதை வெட்டும். ஏ2 திறந்திருப்பதால் ஸ்டேல்மேட் இல்லை. வெள்ளை யானை ஏ8க்குப் போனால் மேட் என்ற மிரட்டலும் இருக்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4க்கு வந்தே ஆக வேண்டும். அப்போது ராஜா பி3. ஒரே மூவில் யானைக்கும் அடி, சி1இல் மேட் என்றும் மிரட்டல். இரண்டையும் கறுப்பால் காக்க முடியாது.

அந்த ஒரு மூவால் சாவேத்ராவின் பெயர் செஸ் உலகில் நிலைத்துவிட்டது. பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். "புத்தகத்தில் போட்டிருக்கு சார்" என்று வாதாடும் பிள்ளையும், "புத்தகம் தப்பு" என்று முணுமுணுக்கும் பிள்ளையும் ஒரே மன்றத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் வாரத்துக்குள் யாராவது யானையைக் கண்டுபிடித்து வந்தால், டெமோ போர்டுக்கு முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்தி, நீங்கள் பெஞ்சில் போய் உட்காருங்கள்.

இதில் ருசி கண்டவர்களுக்கு 1921இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த நிலையைக் கொடுங்கள். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். கறுப்புச் சிப்பாயைத் துரத்த இரண்டு கட்டம் குறைகிறது, முடியவே முடியாது என்று தோன்றும். வழி: ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாக்கில் இறங்கினால், ஒரே நடையில் அவர் கறுப்புச் சிப்பாயையும் நெருங்குகிறார், தன் சிப்பாயையும் நெருங்குகிறார். கறுப்பு எதைக் கவனித்தாலும் மற்றது நடந்துவிடும்.

சிப்பாய்ச் சண்டை

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முழு ஆட்டத்தைவிட இது நல்லது. இரண்டு பக்கமும் எட்டுச் சிப்பாய்கள் மட்டும், வழக்கமான இடத்தில். முதலில் கடைசி வரிசையைத் தொடுபவர் ஜெயித்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியும். பிறகு ராஜாக்களையும் சேர்த்து ஆடலாம்.

ஒரு சுற்று ஆடியபின் இந்தப் புதிரை வையுங்கள். வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5. கறுப்பு ஏ7, பி7, சி7. வேறெதுவும் இல்லை. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். விடை பி6! சி சிப்பாய் வெட்டினால் ஏ6. பி7 அதையும் வெட்டினால் சி6, இனி அதைத் தடுக்க ஆள் இல்லை. ஏ சிப்பாய் வெட்டினால் மறுபுறம் அதே கதை: சி6, பிறகு ஏ6. இரண்டு சிப்பாயைக் கொடுத்து ஒன்றை ராணியாக்குகிறோம்.

சிப்பாய் முடிவாட்டம் சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று நினைக்கும் பெரிய மாணவர்களுக்கு, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. டிங் லிரென் தன் யானையை எஃப்2இல் வைத்து, யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போனதும் குகேஷ் பிஷப்பை டி5க்குக் கொண்டுவந்து பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாயும்தான். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். டிங்கின் யானை மூவில் போர்டை நிறுத்தி, நம் மன்றத்தின் கேள்வியைக் கேளுங்கள்: இதற்குப் பதில் மூவ் என்ன? சென்னைப் பள்ளியில் படித்து வளர்ந்த பையன் கண்ட பதிலை உங்கள் பிள்ளைகளும் காண்பார்கள்.

குதிரை வழிகள்

இங்கே எதிராளி இல்லை, கட்டங்களோடுதான் போராட்டம். ஆடத் தெரியாதவர்களையும் அறைக்குள் இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கணக்கு ஆசிரியரையும் ஒருநாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் 1512இல் இத்தாலியில் குவாரினி எழுதிவைத்த புதிர். 3க்கு 3 கட்டம் வரைந்து, மேல் மூலைகளில் இரண்டு கறுப்புக் குதிரை, கீழ் மூலைகளில் இரண்டு வெள்ளைக் குதிரை. குதிரை நடையில் மட்டும் நகர்த்தி இரண்டு நிறமும் இடம் மாற வேண்டும். 16 மூவில் முடியும், அதற்குக் குறைவாக முடியாது. திணறும் பிள்ளைகளிடம், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குக் குதிரை போகும் என்று கோடு போடச் சொல்லுங்கள். நடுக்கட்டத்துக்கு வழியே இல்லை. மற்ற எட்டும் ஒரு வளையமாக இணைந்துவிடும். நான்கு குதிரைகளும் அந்த வளையத்தில் ஒரே திசையில் சுற்றினால் வேலை முடிந்தது.

அடுத்தது குதிரைச் சுற்று: எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் எல்லாக் கட்டங்களையும் குதிரை தொட வேண்டும். இதற்கு நம் மண்ணில் பழைய உறவு உண்டு. காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், தம் பாதுகா சகஸ்ரத்தில் 32 எழுத்துச் சுலோகங்கள் இரண்டை இந்த முறையில் அமைத்திருக்கிறார். முதல் சுலோகத்தை 4 வரி, 8 பத்தி கொண்ட கட்டங்களில் எழுதி, குதிரை நடக்கும் வழியில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது.

நம் பிள்ளைகள் இதையே சிறிய அளவில் தமிழில் செய்யலாம். கீழே உள்ள பன்னிரண்டு கட்டங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

ந | ன் | வெ | ம்
ள் | லு | ம் | ற
ம | ம் | நா | ல்

மேல் வரியின் 'ந'வில் குதிரையை வைத்துத் தொடங்கி, ஒரு வாக்கியம் கிடைக்கும்படி எல்லாக் கட்டங்களையும் தொட வேண்டும். முதல் வரியில் இடமிருந்து 1, 4, 7, 10. இரண்டாம் வரியில் 12, 9, 2, 5. மூன்றாம் வரியில் 3, 6, 11, 8 என்று எண்ணிட்டால் 'நம் மன்றம் வெல்லும் நாள்' வரும். இதே எண்களை வைத்துப் பிள்ளைகள் தாங்களே பன்னிரண்டு எழுத்து வாக்கியங்களை ஒளித்து, அடுத்த பெஞ்சுக்கு அனுப்பட்டும். புள்ளி வைத்த எழுத்தையும் ஒரு எழுத்தாக எண்ணுவதால் தமிழாசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது.

பிறகு 5க்கு 5. மூலையில் தொடங்கினால் முடிக்கலாம். மூலைக்கு ஒட்டிய கட்டத்தில் தொடங்கினால் எத்தனை முறை முயன்றாலும் முடியாது. காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். 25 கட்டத்தில் மூலையின் நிறம் 13, மற்ற நிறம் 12. குதிரை ஒவ்வொரு மூவிலும் நிறம் மாறுவதால், அதிகமுள்ள நிறத்தில்தான் தொடங்க முடியும். முழு போர்டை முயல்பவர்களுக்கு 1823இல் வார்ன்ஸ்டார்ப் சொன்ன வழியைக் கொடுங்கள்: அடுத்து போகக்கூடிய கட்டங்களில், அங்கிருந்து வெளியேற மிகக் குறைந்த வழி உள்ள கட்டத்துக்கு முதலில் போ.

எட்டு ராணிகளை ஒன்றையொன்று தாக்காமல் நிறுத்தும் புதிர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 92 விடைகள் உண்டு. 4க்கு 4 கட்டத்தில் தொடங்கி மேலே போங்கள், நேரடியாக எட்டுக்குப் போனால் பாதிப் பேர் தாளைக் கசக்கிவிடுவார்கள்.

ஜோடி ஆட்டங்கள்

வலுவான பிள்ளையையும் புதியவரையும் சேர்க்க மூளை–கை ஆட்டம். ஒரு அணிக்கு இருவர். ஒருவர் "குதிரை" என்று காயின் பெயரை மட்டும் சொல்வார். மற்றவர் எந்தக் குதிரை, எந்தக் கட்டம் என்று தீர்மானித்து நகர்த்துவார். வேறு பேச்சு கூடாது. புதிய பிள்ளை கையாகவே இருக்கட்டும், மூளையாகப் பெரியவர். 'ஏன் குதிரை என்றார்?' என்று யோசிப்பதே பாடம்.

மானுவல் ஏரன் தொடங்கிய சென்னை டால் செஸ் கிளப்பில் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியது 'தோற்றவர் எழுந்திரு' முறையில். ஜெயித்தவர் நாற்காலியில் தொடர்வார், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்த வாய்ப்பு வரக் காத்திருக்க வேண்டும் என்ற பயத்திலேயே ஆட்டம் கூர்மையாகும். பள்ளியில் இதை அப்படியே வைக்க வேண்டாம். அதிகம் ஆட வேண்டிய பிள்ளைதான் அதிகம் காத்திருக்கும். மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தவரும் எழ வேண்டும் என்று ஒரு திருத்தம் போதும்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, போர்டுகளை எடுத்துவைத்துவிட்டு நிற வினா நடத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்: இ4 என்ன நிறம்? ஏ என்பதை 1, பி என்பதை 2 என்று எண்ணி, வரிசை எண்ணைக் கூட்டினால், இரட்டை எண் வந்தால் கறுப்பு, ஒற்றை வந்தால் வெள்ளை. இ4 என்றால் 5ம் 4ம் ஒன்பது, வெள்ளை. சில வாரங்களில் கூட்டாமலே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்கு ஒன்று

ஆனந்த் சிறுவனாகக் குடும்பத்தோடு மணிலாவில் இருந்தபோது, பகலில் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி வரும். அவர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா சுசீலா புதிர்களை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து தீர்த்து விடை அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். தொடர்ந்து பரிசு வாங்கியதில், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு விடை அனுப்புவதை நிறுத்திவிடு என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டதாக ஆனந்த் சொல்லியிருக்கிறார்.

ஆகவே வாரம் ஒரு புதிரைத் தாளில் வீட்டுக்கு அனுப்புங்கள், 'வீட்டில் ஒருவரோடு சேர்ந்து செய்யவும்' என்ற குறிப்போடு. லிசெஸ் இணையதளத்தில் புதிர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளலாம். செல்போனில் செய்யச் சொல்ல வேண்டாம். திரையில் தவறான மூவை அழுத்தினால் உடனே சிவப்பு காட்டிவிடும், அடுத்ததை அழுத்தலாம், பதில் மூவை யோசிக்க அவசியமே இல்லாமல் போகும்.

அரையாண்டு விடுமுறைக்கு இதைக் கொடுங்கள். போர்டில் காய்களை ஆட்டத் தொடக்கத்தில் இருப்பதுபோல அடுக்க வேண்டும். வெள்ளையின் முதல் மூவ் சிப்பாய் இ4. கறுப்பின் ஐந்தாவது மூவில் குதிரை யானையை வெட்டுகிறது, மேட். இடையில் நடந்தது என்ன? எல்லா மூவும் விதிப்படி இருந்தால் போதும், நல்ல மூவாக இருக்க வேண்டியதில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் விடை: 1. சிப்பாய் இ4, குதிரை எஃப்6. 2. சிப்பாய் எஃப்3, குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது. 3. ராணி இ2, குதிரை ஜி3. 4. ராணி இ7 சிப்பாயை வெட்டி செக், கறுப்பு ராணி அதை வெட்டி செக். 5. ராஜா எஃப்2, குதிரை எச்1 யானையை வெட்டி மேட். ராஜா தப்ப முடியாததற்குக் காரணங்களை, கட்டம் கட்டமாக, பிள்ளைகளே சொல்லட்டும்.